அலைகுடியும் நிலைகுடியும்

எங்கள் கல்லூரியின் விலங்கியல் காட்சியறையைச் சென்ற கோடை விடுமுறையில் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஃபார்மலின் புட்டிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் நடைகூடத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஓய்வுபெற ஓராண்டே மீதமிருந்த விலங்கியல் பேராசிரியர் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். விடைத்தாள் திருத்தும் பணிக்கு இடையில் தேநீர் குடிக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். தமிழ்த்துறைக்காரனுக்கு அந்த வழியே போக நியாயமான காரணம் எதுவும் இல்லை. அவர் பேசக் கேட்பது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கழிக்க வேண்டியவற்றின் குவியலில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் கிடந்தது. அதன்மேல் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் குழாய்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னி, காய்ந்துபோன இடியாப்பம்போல ஒட்டியிருந்தன. கூடவே நூலில் கட்டிய ஒரு சீட்டு. பழுப்பேறிய மையில் 'ஹைட்ராய்டிஸ் நார்வெஜிகா, சென்னைத் துறைமுகம்' என்று எழுதியிருந்தது. ஆண்டு அழிந்துவிட்டது.

"எடுத்துக்கோங்க. பேருதான் தப்பு, கல்லு அசல்" என்றார்.

அப்படித்தான் கடலில் குழாய் கட்டி வாழும் புழுக்கள் என் வாழ்க்கைக்குள் வந்தன. அம்பத்தூரில் இருந்துகொண்டு கடற்புழுவைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். எங்கள் பகுதிக்குக் கடலோடு உள்ள உறவெல்லாம், பருத்திப்பட்டு அணைக்கட்டைத் தாண்டிப் போகும் கூவம் என்றாவது ஒருநாள் கடலைச் சேரும் என்பது மட்டுமே.

பெயர் தப்பு என்றாரே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நார்வே நாட்டில் பிஷப்பாக இருந்த குன்னெருஸ் என்பவர் 1768இல் தம் கடற்பகுதியில் கிடைத்த ஒரு குழாய்ப்புழுவுக்கு இட்ட பெயர் அது. பிறகு வெப்பக்கடல் துறைமுகங்களில் கப்பலின் அடிப்புறத்திலும் பாலத்தூண்களிலும் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்த, பார்வைக்கு அதே போன்ற புழுவையும் அதே பெயரால் அழைத்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒட்டிவாழும் உயிரிகளின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஆராய்ந்து எம்.டி. பால் 1942இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும் அந்தப் பெயர்தான். உண்மையில் நம் துறைமுகத்துப் புழு வேறு. ஹாஸ்வெல் என்பவர் 1883இல் சிட்னித் துறைமுகத்திலிருந்து விவரித்த 'எலிகன்ஸ்' என்னும் இனம் அது. இரண்டையும் ஐயமறப் பிரித்துக் காட்ட 1971இல் சிப்ரோவியஸ் என்ற ஆய்வாளர் வர வேண்டியிருந்தது. அதுவரை சென்னைக் கடலில் ஒரு வெப்பநாட்டுக் குடி, நார்வேக்காரர் என்ற பெயரிலேயே காலம் தள்ளியிருக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குழாய்தான் தெரியும், புழு தெரியாது. தொட்டால், நிழல் விழுந்தால், சட்டென்று உள்ளே போய்விடும். லின்னேயஸ் 1758இல் உயிர்களை வகுத்தபோது செர்ப்புலா என்ற சுண்ணாம்புக் குழாய்ப்புழுவை நத்தைகளோடும் சிப்பிகளோடும் ஒரே வரிசையில் வைத்தார். ஓடுடையவை என்பது வரிசையின் பெயர். குழாயின்றி அலையும் நீரிஸ் போன்ற புழுக்களோ வேறு வரிசையில் இருந்தன. அவர் வீட்டைப் பார்த்தார், குடியிருப்பவரைப் பார்க்கவில்லை.

இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். என் பள்ளிப்பருவம் ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் கழிந்தது. அப்பா அங்கே ஃபிட்டர். அந்தக் குடியிருப்பில் வீடுகளுக்கு 'டைப்' எண்கள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏற ஏற அறைகளும் கூடும். மூன்றாம் வகுப்பிலேயே எங்களுக்கு ஒருவன் எந்த டைப் என்று தெரியும். பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்போம். எங்களுடையது ஒன்று. பக்கத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு வேறு எழுத்துகள்: எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி. வருமானத்தின் பெயரைச் சுவரின்மேல் எழுதி, சுவரின் பெயரை மனிதனுக்குச் சூட்டிய வகைப்பாடு. லின்னேயஸுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பேராசிரியர் சொன்ன முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நத்தையின் ஓடு அதன் உடலோடு தசையால் இணைந்தது. ஓட்டைப் பறித்தால் நத்தை செத்துவிடும். குழாய்ப்புழுவின் குழாய் அப்படியன்று. உடலின் எந்த இடத்திலும் அது ஒட்டியில்லை. புழு தன் பக்கவாட்டுக் கொக்கிகளால் உட்சுவரைப் பற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஓடு உடம்பு, குழாய் வீடு.

அந்த உடம்பைப் பற்றி அவர் பல மாலைகளில் எனக்குப் பாடம் நடத்தினார். காகிதத்தில் வரைந்து காட்டுவார். மண்புழுவைப்போல வளையம் வளையமாகக் கணுக்கள். ஒவ்வொரு கணுவின் பக்கத்திலும் நுண்ணிய முட்கள். அவை பல உள்ளமையால் கிரேக்கத்தில் பாலிகீட்டா. பாடநூல்கள் அந்தச் சொல்லை அப்படியே எழுதிவிடுகின்றன. இலைகளின் மேலும் காய்களின் மேலும் உள்ள நுண்முள்ளுக்கு நம்மிடம் 'சுணை' என்ற சொல் இருக்கிறதே என்றேன். அன்று முழுவதும் அவர் 'பல்சுணைப்புழு' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைப்பக்கத்தில் இறகு விசிறிபோன்ற ஒரு முடி. அதன் ஒவ்வொரு கதிரிலும் பல நூறு குறுயிழைகள் அசைந்து நீரை இழுக்கின்றன. மூச்சும் அதுவே, சோறும் அதுவே. சபெல்லா குடும்பத்துப் புழுக்களின் கதிர்களில் ஒரு பள்ளம் ஓடுகிறது. வந்து விழும் துகள்களை அது பருமனால் பிரிக்கிறது. மிகப் பெரியவை வெளியே தள்ளப்படும். மிகச் சிறியவை வாய்க்குப் போகும். நடுத்தரமானவை கழுத்தருகே உள்ள பைகளில் சேர்ந்து, சளியோடு குழைந்து, குழாயின் விளிம்பில் அடுத்த வரிசையாக வைக்கப்படும். மணல் சலிக்கும் சல்லடையிலேயே சோற்றுக்கு அரிசியும் சலிக்கும் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

செர்ப்புலா குடும்பம் மணலைச் சேர்ப்பதில்லை. கழுத்துப்பட்டியின் கீழுள்ள சுரப்பிகளிலிருந்து சுண்ணாம்பே ஊறி வருகிறது. பட்டியின் மடிப்பு அதை விளிம்பில் தடவிச் சமன்செய்கிறது. என் கையிலிருந்த கல் அந்தக் குடும்பத்தின் வேலை. இவற்றுக்குக் கதவும் உண்டு. இறகுக்கதிர்களில் ஒன்று உருமாறி, நுனி தடித்து, மூடியாகிவிடுகிறது. புழு உள்ளே பின்வாங்கும்போது அந்த மூடி கடைசியாக வந்து வாயில் பொருந்தும். ஹைட்ராய்டிஸ் இனத்தில் அது புனல்போல விரிந்து, மேலே ஒரு முள்முடியையும் சூடியிருக்கும். மறுபக்கத்தில் வளராத சிறு மூடி ஒன்று காத்திருக்கும். முதல் கதவு உடைந்துபோனால் இரண்டாவது வளர்ந்து அதன் இடத்துக்கு வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. குழாய்க்கு ஒரே வாசல். புழுவின் ஆசனவாயோ குழாயின் அடியில். அப்படியானால் கழிவு என்னாவது? வயிற்றின் அடிப்புறத்தில் ஒரு நீள்பள்ளம் மேல்நோக்கி ஓடுகிறது. மார்புப்பகுதி தொடங்கும் இடத்தில் அது பக்கவாட்டில் வளைந்து முதுகுப்பக்கம் ஏறி, கழுத்து வழியாக வெளியே வருகிறது. குறுயிழைகள் கழிவைச் சிறு உருண்டைகளாக அதன் வழியே ஏற்றி வாசலுக்கு அப்பால் கொண்டுபோய்த் தள்ளுகின்றன. அந்தப் பள்ளம் வளையும் அதே எல்லையில்தான் சுணைகளும் இடம் மாறுகின்றன. மார்பில் மேலே நீள்முள், கீழே கொக்கி. வயிற்றில் கீழே நீள்முள், மேலே கொக்கி. ஒற்றை வாசல் வீட்டில் குடியிருப்பதால் உடம்பே தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டதோ என்று தோன்றும். டைப் ஒன்று வீட்டில் ஐந்துபேர் வாழ்ந்தவனுக்கு இது விளங்காமல் போகாது.

இரத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லின்னேயஸுக்குப் பின் அரை நூற்றாண்டுக்குள் கூவியேவும் லமார்க்கும் இந்தப் புழுக்களை நத்தைகளிடமிருந்து பிரித்து, மண்புழுவும் அட்டையும் இருக்கும் வளைதசைப்புழுக்களோடு சேர்த்தார்கள். கூவியே அந்தக் கூட்டத்துக்கு இட்ட பெயர் 'செங்குருதிப் புழுக்கள்'. ஆனால் சபெல்லாவுக்கும் அதன் உறவினர்கள் பலருக்கும் குருதி பச்சை. குளோரோகுரோரின் என்ற நிறமி அது. அடர்த்தியாக இருந்தால் சிவப்பாகத் தோன்றும், நீர்த்தால் பச்சை. எந்தப் பெயரும் முழுக்கப் பொருந்துவதில்லை.

பல்சுணைப்புழுக்களை இரண்டு பெரும்பிரிவாக வகுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றியது. எர்ரான்ஷியா, செடன்டேரியா. பேராசிரியர் இவற்றுக்குத் தமிழ் கேட்டார். அலைகுடி, நிலைகுடி என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமை.

இந்தியப் புழுக்களை இந்த இரண்டு கூடைகளில் முறையாக இட்டவர் ஆன்ஜே நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்த பியர் ஃபோவெல். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி தாமே புழுக்களை அறிந்தவர். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவைப் பற்றி அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட நூலில் சுணைப்புழுக்களைப் பற்றிய பகுதியை அவர்தான் எழுதினார். 1930இல் சென்னை அருங்காட்சியகத்துப் புழுக்களைப் பற்றியும், 1932இல் கல்கத்தா அருங்காட்சியகத்துப் புழுக்களைப் பற்றியும் ஃபோவெலின் நூல்கள் வந்தன. எல்லாவற்றையும் திரட்டிய பெருநூல் 1953இல் அலகாபாத்தில் அச்சானது. அதன் தாள் பழுத்த படி ஒன்று பேராசிரியரிடம் இருக்கிறது. பக்கங்களைப் புரட்டும்போது அவர் மூச்சைக்கூட மெதுவாக விடுவார்.

ஆனால் கூடைகள் சரியில்லை. டயோபாட்ரா என்ற புழு கிளிஞ்சல் துண்டுகளையும் குப்பையையும் ஒட்டி அழகான குழாய் கட்டி, அதிலேயே வாழ்கிறது. தாடை அமைப்பைப் பார்த்து அதை அலைகுடியில் வைத்திருக்கிறார்கள். சேற்றுக்குள் ஊர்ந்து திரியும், குழாயே கட்டாத சிலவோ நிலைகுடியில். இது சமையலறை அலமாரியில் கையெட்டும் வசதிக்காகச் செய்த அடுக்கு என்று சொல்லி, 1977இல் ஃபௌகால்ட் என்ற அறிஞர் இரண்டு பிரிவுகளையும் கைவிட்டார். 1997இல் அவரும் ரௌஸ் என்பவரும் உறுப்புகளை ஒப்பிட்டுப் புதிய பிரிவுகளை அமைத்தனர். அலைகுடியும் நிலைகுடியும் பழங்கதை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம் நம் பேராசிரியர். 2011இல் ஸ்ட்ரக் முதலானோர் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை அவரைக் கவிழ்த்துவிட்டது. இரண்டு பிரிவுகளும் ஏறக்குறைய உண்மையே என்றது அது. ஆனால் நிலைகுடிக்குள் இப்போது மண்புழுவும் இருந்தது, அட்டையும் இருந்தது! மழைக்காலத்தில் இலையிலிருந்து தாவி நம் கணுக்காலைப் பற்றும் அட்டை, வகைப்பாட்டின்படி வீட்டைவிட்டு நகராத குடும்பத்துப் பிள்ளை. தோலுறைபோன்ற குழாயில் அடைந்தே கிடக்கும் கீட்டாப்டிரஸோ இரண்டிலும் சேராமல் மரத்தின் அடிக்கிளையில் தனியே நிற்கிறது. ஆக, யார் அலைந்தவர், யார் நிலைத்தவர் என்பதை வீடு சொல்வதில்லை.

எனக்கு அப்போது சிலப்பதிகாரத்தின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. புகார் நகரத்தாரை ஊர்விட்டுப் பெயர அறியாத பழங்குடியினர் என்று பாராட்டிவிட்டுத்தான் இளங்கோ கதையைத் தொடங்குகிறார். பிறகு அந்த ஊரின் மகனும் மருமகளும் இருள் விலகாத விடியலில் யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

வாயும் குடலும் இல்லாத குழாய்ப்புழுக்களின் கதையும் இத்தகையதே. 1914இல் முதல் இனம் விவரிக்கப்பட்டது. இவற்றை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் தனிப் பெருந்தொகுதியே ஏற்படுத்தினார்கள். ஆழ்கடலிலிருந்து இழுத்து வரும்போது அவற்றின் வால்நுனி அறுந்து குழாயின் அடியிலேயே தங்கிவிட்டது யாருக்கும் தெரியவில்லை. 1964இல் முழுப் புழு கிடைத்தபோது அந்த வாலில் கணுக்களும் சுணைகளும் இருந்தன. 1977இல் கலாபகோஸ் அருகே கொதிநீர் ஊற்றுகளின் ஓரம் மனித உயரத்துக்கு நின்ற செம்முடிப் புழுக்களும் அதே குலம்தான். இப்போது எல்லாம் சேர்ந்து நிலைகுடிக்குள் ஒரே ஒரு குடும்பம். ஐம்பது ஆண்டுகள் தேடிய சான்று வீட்டின் அடித்தளத்தில் கிடந்திருக்கிறது.

சான்று, அடித்தளம் என்றெல்லாம் எழுதும்போது கை தானாக வேறொரு கோப்புக்குப் போகிறது. அந்த மாதங்களில் நான் திருமுல்லைவாயிலில் உள்ள அம்மாவின் வீட்டுப் பத்திரங்களோடு அலைந்துகொண்டிருந்தேன். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ். புழுக்களுக்குப் பெயரிடும் சட்டமும் பத்திரப்பதிவுச் சட்டம்தான் என்பது அப்போது உறைத்தது. முதலில் பதிந்தவருக்கே உரிமை. ஃபோவெல் 1923இல் பிரான்சின் கான் நகரக் கால்வாயில் கிடைத்த ஒரு குழாய்ப்புழுவுக்கு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத புதிராக இருந்ததால், 'மெர்சியரெல்லா எனிக்மாட்டிகா' என்று பெயரிட்டார். ஆனால் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே சதர்ன் என்பவர் கொச்சிக் காயலின் உப்பங்கழிப் புழு ஒன்றுக்கு 'ஃபைகோபொமேட்டஸ்' என்று பெயர் பதிந்திருந்தார். இலங்கையில் டி.ஜி. பிள்ளை 1960இல் 'நியோபொமேட்டஸ்' என்று ஒன்றைப் பதிந்தார். 1978இல் ஒரு மறுஆய்வு, இவையெல்லாம் ஒரே பேரினம், கொச்சிப் பத்திரமே மூத்தது என்று தீர்ப்பளித்தது. உலகெங்கும் வாய்க்கால்களை அடைக்கும் அந்தப் புதிர்ப்புழு இன்று கொச்சியில் பிறந்த பெயரின் கீழ் வாழ்கிறது. இறகுநுனியில் பெருங்கண் கொண்ட ஒரு பேரினத்துக்கோ 'மெகலோமா' என்ற பெயரை 2017இல் பறித்து வேறு தர வேண்டியதாயிற்று. ஒரு வண்டு 1842லேயே அதைப் பதிந்துவிட்டிருந்தது. சுத்தமான வில்லங்கம்.

அம்மாவின் வீடு அப்பா தவணையில் வாங்கிய மனையில் வளையம் வளையமாக வளர்ந்தது. ஓய்வுபெற்றுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியபோது ஒரு அறை, ஒரு சமையலறை. அக்காவின் திருமணத்துக்கு முன் ஒரு முன்கூடம். எனக்கு வேலை கிடைத்தபின் இன்னொரு அறை. மாடிக்காக விட்ட கம்பிகள் தூண்களின் உச்சியில் துருவேறி இன்றும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தார் போடும்போது சாலை உயர, வீடு தாழ்ந்துகொண்டே வந்தது. 2015 டிசம்பரில் முழங்காலளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மறுபடி. அண்ணனுக்கு இனிமேல் பொறுமை இல்லை. கட்டுமானக்காரர் ஒருவரோடு கூட்டு ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டார். எட்டு அடுக்ககங்கள், நமக்கு மூன்று. இரண்டு ஆண்டுகள் அம்மா வேறெங்காவது இருக்க வேண்டும்.

அம்மா சம்மதிக்க மாட்டார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எழுபத்து நான்கு வயது. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவருக்குத் தெரியும். சித்தாள்களோடு நின்று தண்ணீர் ஊற்றியவர். அவரைப் பிடுங்கினால் என்னாகும் என்று அண்ணனிடம் நத்தை ஓட்டைப் பற்றியே பேசினேன். சேற்றுக்குழாய் கட்டும் சபெல்லாவை வெளியே எடுத்துவிட்டால் அது சளியைச் சுரந்து புதுக்குழாய் தொடங்கிவிடும், சுண்ணாம்பில் கட்டியவற்றுக்கு அது அவ்வளவு எளிதன்று என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மாகிட்ட கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. எல்லாரும் அம்மாவிடம் கேட்டது, மோட்டார் போட்டாயா, மாத்திரை சாப்பிட்டாயா என்பதைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பையில் கல் இருந்தது. எதற்காக எடுத்துப்போனேன் என்று தெரியவில்லை. அம்மா முன்கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுற்றி வளைத்து ஒப்பந்த விஷயத்தைத் தொடங்கினேன்.

"அதான் சரின்னு போன மாசமே பெரியவன்கிட்ட சொல்லிட்டேனே" என்றார். "உனக்கு மனசு வரலன்னான். அதான் நீயா பேசட்டும்னு இருந்தேன்."

பிறகு கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தான் இருந்த வீடுகளை எண்ணினார். வந்தவாசிக்குப் பக்கத்தில் பிறந்த வீடு. அது இடிந்தபின் மாமா வீடு. கல்யாணமாகி வந்த அம்பத்தூர் லைன் வீடு, அங்கே ஒரு குழாயடி, ஆறு குடும்பம். வாடகை ஏறியதால் கொரட்டூர். பிறகு ஆவடியில் இரண்டு குடியிருப்புகள். முதலில் இருந்த தொகுதியைப் பழுதுபார்க்க இடித்தபோது இன்னொன்றுக்கு மாறினோமாம், எனக்கு நினைவில்லை. இது ஏழாவது. "ஒவ்வொண்ணையும் விட்டுட்டுதானே வந்தேன். உங்கப்பாதான் இதுல ஆணி அடிச்சா மாதிரி உக்காந்துட்டாரு. நீ அவரு மாதிரி" என்றார். அவருக்கு இருந்த கவலை வேறு: கீழ்த்தளத்தில் கொடுப்பார்களா, முருங்கையை வெட்டிவிடுவார்களா, வாடகைக்குப் போகும் வீட்டில் தண்ணீர் வருமா.

நான் பதில் சொல்லாமல் கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குழாயின் வாய்க்குள் கீரைக்காம்பை விட்டுப் பார்த்தார். அது பாதிவரை போய் நின்றது.

"இதுக்குள்ள இருந்தது எங்கடா?"

செத்துப் பல வருடம் ஆகியிருக்கும் என்றேன். காலியான குழாய்களின் மேலேயே அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் வந்து ஒட்டும் என்றும், அதனால்தான் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். கல்லைத் தரையில் வைத்துவிட்டு, முறத்தை என் பக்கம் நகர்த்தி, மீதிக்கீரையை ஆயச் சொன்னார்.